மன்னாரில் விடுமுறை வீடு: கடற்கரையிலா, ஊருக்குள்ளா?

2010இல் மன்னாரின் புதிய பாலம் திறக்கப்பட்டது. 1990இல் நின்றுபோன ரயில், 2015 மார்ச்சில் மறுபடியும் தலைமன்னார் இறங்குதுறைவரை ஓடியது. பாலமும் ரயிலும் வந்த பிறகுதான் மன்னார்த் தீவை விடுமுறைக்குப் போகக்கூடிய இடமாகப் பலர் நினைக்கத் தொடங்கினார்கள். மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் யாத்திரை வந்தவர்களுக்கு ஒரு மடமோ உறவினர் வீட்டு விறாந்தையோ போதுமாக இருந்தது. இப்போது வருகிறவர்களின் தேவை வேறு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், பூநாரை பார்க்க வருகிறவர்கள், காற்றாடிப் பலகையில் கடலோட வரும் வெளிநாட்டு இளைஞர்கள் என்று பல வகையினர். ஒரு வாரம், இரண்டு வாரம் தங்க அவர்களுக்கு வீடு வேண்டும்.

வீடுகளும் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை மூன்று வகை. குடியிருப்புகளை விட்டு விலகி, மணலில் தனியே நிற்கும் கடற்கரை வீடு ஒன்று. புலம்பெயர்ந்து போனவர்கள் கட்டிப் பூட்டி வைத்து, உறவினர் ஒருவர் சாவி வைத்திருக்கும் வீடு இன்னொன்று. வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வளவுக்குள் இரண்டு அறையையோ பின்வீட்டையோ வாடகைக்கு விடுவது மூன்றாவது. விளம்பரத்தில் முதல் வகைக்குத்தான் மதிப்பு. நீலக் கடல், வெள்ளை மணல், ஒற்றைப் பனை, அதன் கீழே ஒரு சாய்மனைக்கதிரை. இந்தப் படத்தை நம்பி முற்பணம் கட்டலாமா என்பதுதான் கேள்வி. கட்டக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் மற்றப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். மன்னார்த் தீவு இராமேசுவரத்தை நோக்கி வடமேற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. நகரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அதன் வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரே தீவுதான், ஆனால் இரண்டு கடல். வைகாசியில் சோளகம் எழும்பினால் புரட்டாதிவரை தெற்குக் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். அந்த மாதங்களில் வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் முறை மாறும். பேசாலையின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த முறைப்படிதான் தொழிலை வடகரையிலிருந்து தென்கரைக்கும் தென்கரையிலிருந்து வடகரைக்கும் மாற்றிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறை எப்போது வருகிறது? ஆடியிலும் ஆவணியிலும். மடுமாதாவின் ஆவணித் திருவிழா ஆகஸ்ட் 15. ஆகவே புலம்பெயர் குடும்பங்கள் அதிகமாக வருவதும் சோளகம் ஓங்கி வீசுவதும் ஒரே காலத்தில். அந்த நாட்களில் தெற்குக் கரையில் கடலைப் பார்த்த வீடொன்றை எடுத்தால் என்ன நடக்கும்? பிள்ளைகள் கடலில் இறங்க முடியாது. யன்னலைத் திறந்தால் சோற்றுக் கோப்பையில் மணல் விழும். கடல் தெரியவேண்டும் என்பதற்காகக் கூடுதல் வாடகை கொடுத்தவர் கடல் பக்கத்துக் கதவைச் சாத்தி வைத்திருக்க நேரும். காற்றைப் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் தம்பபவனி காற்றாலைகளைப் பார்க்கட்டும். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் 30 கோபுரங்களும் நிற்பது தெற்குக் கரையோரமாக. காற்றை அளந்து பார்த்துப் பணம் போட்டவர்கள் தெரிந்தெடுத்த கரை அது. மின்சாரம் எடுக்க அதுவே சிறந்த இடம். குழந்தையைத் தூங்கவைக்க அல்ல.

இங்கே ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றாடிப் பலகைக்காரர்களுக்கு இந்தக் காற்றுத்தான் மூலதனம். கற்பிட்டியில் கூட்டம் பெருகியபின் அவர்களில் சிலர் தலைமன்னார்ப் பக்கம் வரத் தொடங்கினார்கள். அவர்கள் கரையோரம் தங்குவது தொழில்முறைத் தேவை. குடும்பத்தோடு ஓய்வுக்கு வருகிறவர் அவர்களுடைய பாராட்டுரைகளை வாசித்து அதே வீட்டைப் பதிவு செய்வதில்தான் பிழை இருக்கிறது. ஒருவருக்குச் சுகமான காற்று இன்னொருவருக்குத் தலைவலி.

காற்று ஆறு மாதத்தில் மாறிவிடும். தண்ணீரின் கதை அப்படியல்ல. இந்த விடயத்தில் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் மன்னாரில் வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

தீவில் ஆறு இல்லை. பெரும்பகுதி மழை ஐப்பசி முதல் மார்கழிவரையிலான மாதங்களில் பெய்து, மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஊர்க் கிணறுகள் அந்தப் படலத்தைத் தொட்டு நிற்பவை. இப்படிப்பட்ட மணல் நிலங்களில் நன்னீரும் உப்புநீரும் எந்தக் கணக்கில் சமநிலை கொள்கின்றன என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற ஒல்லாந்தரும், அவரை அடுத்து ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் கணித்துச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு அது உப்பைத் தாழ்த்தி வைத்திருக்கும். இதைத் தலைகீழாகப் பார்த்தால்தான் அபாயம் விளங்கும். பம்பு போட்டு இறைத்து நன்னீர் மட்டத்தை 10 சென்ரிமீற்றர் குறைத்து, அதே நிலையில் வைத்திருந்தால், கீழே உப்பு 4 மீற்றர் ஏறிவரும். கடலுக்குக் கிட்டப்போகப் படலம் மெலிகிறது. கரையோர வீட்டின் கிணறு சவர்த்தன்மை கொள்வதற்கு இதுதான் காரணம்.

மன்னார் நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் பெருநிலத்தில் முருங்கன் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வருகிறது. அந்தக் குழாய் எட்டும் வீட்டில் தங்குகிறவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் கவலை குறைவு. எட்டாத இடத்தில் தனியே கட்டிய வீடு என்ன செய்யும்? ஆழமாகத் துளையிட்டு இறைக்கும். அல்லது பவுசரில் வாங்கி நிரப்பும். முன்னதில் அயல் கிணறுகளும் சேர்ந்து கெடும். பின்னதில் பவுசர் பிந்திய நாளில் விருந்தாளி சோப்பு நுரையோடு நிற்பார்.

இப்படிப்பட்ட இடத்தில் நீச்சல் தடாகம் உண்டென்று விளம்பரம் செய்வதை நான் குறையாகவே எண்ணுவேன். எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள தடாகம் 48,000 லீற்றர் பிடிக்கும். ஒரு நாளுக்கு 600 லீற்றர் பாவிக்கும் குடும்பத்துக்கு அது 80 நாள் தண்ணீர். நன்னீர்ப் படலத்தின் மேல் வாழும் தீவில், இரு பக்கமும் கடல் இருக்க, இதை வசதி என்று விற்பதற்கும் வாங்குவதற்கும் மனம் துணியக் கூடாது.

தண்ணீரோடு சேர்ந்த இன்னொரு சங்கதி நுளம்பு. இலங்கை மலேரியாவை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்று வழங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், நகர்ப்புறங்களில் மலேரியாவைப் பரப்ப வல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நுளம்பினம் இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது மன்னார்த் தீவில்தான். அது முட்டையிட விரும்புவது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும். நோய் திரும்பி வரவில்லை, பீதி தேவையில்லை. ஆனால் கிணற்றுக்கும் மேல்தாங்கிக்கும் மூடி இருக்கிறதா என்று பார்க்கிறவர் வீணாகச் சந்தேகப்படுகிறவர் அல்லர். மாதக்கணக்கில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மூடாத தொட்டி இந்த வகையில் மிக மோசமானது. வெளிநாட்டிலிருப்போர் பூட்டி வைத்த வீடுகளைப் பற்றி எனக்குள்ள முதல் தயக்கம் இதுவே. குளிரூட்டியும் பளிங்குத் தரையும் அங்கே இருக்கலாம். பம்பு பழுதானால் வந்து பார்க்க அந்த வளவில் ஆள் இருக்கிறாரா?

கடலுக்கு மிக அருகில் கட்டுவதன் கதி என்னவென்று அறிய அரிப்பு என்ற ஊர்வரை போகலாம். இந்தக் கரையின் மிகப் பிரபலமான கடற்கரை மாளிகை அங்கேதான் கிடக்கிறது. பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் காலத்தில் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய வீடு அது. ஆங்கிலேயர் டொரிக் என்றார்கள்; ஊரார் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். கடலைப் பார்த்த செம்மண் மேட்டின் விளிம்பில், தடித்த செங்கல் சுவரில் எழுப்பியது. அரசாங்கத்தின் பணம், அரசாங்கத்தின் பொறியாளர், தேர்ந்தெடுக்க நீண்ட கரை முழுவதும் இருந்தும், கடல் அந்த மேட்டை அரித்து அரித்து மாளிகையின் ஒரு பகுதியை விழுத்திவிட்டது. இன்று மிச்சச் சுவர்கள்தான் நிற்கின்றன. இருநூறு ஆண்டு தாங்கியதே என்று ஒருவர் வாதாடலாம். மேடு தாங்கியது, வெறும் மணல் தாங்காது.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்று வகுத்திருக்கிறது. அதற்குள் கட்டுமான வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கரையில் தனித்து நிற்கும் வீட்டை எடுக்குமுன் இந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்பது விருந்தாளியின் உரிமை. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அதுவே பதில்.

வெள்ளத்தைப் பற்றியும் கேட்கவேண்டும். தீவின் நிலம் தட்டையானது. கார்த்திகை மழையில் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வடியாமல் நிற்கும். காற்றாலைகளுக்காகப் போட்ட பாதைகள் இயற்கையான வடிகால்களை மறித்துவிட்டன என்பது மக்கள் முன்வைக்கும் முறைப்பாடு; மேலும் கோபுரங்கள் வேண்டாம், கனிய மணல் அகழ்வு வேண்டாம் என்று 2025 ஆகஸ்ட்டில் மன்னார் நகரில் தொடர் போராட்டம் நடந்தது. விடுமுறைக்கு வருகிறவருக்கு இந்த அரசியல் எதற்கு என்று எண்ணவேண்டாம். இந்த மணல் எவ்வளவு நொய்ந்தது என்று அங்கே வாழ்கிறவர்கள் தெருவில் நின்று சொல்லும்போது, அதே மணலில் நாம் எப்படித் தங்குகிறோம் என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

இனி மிகவும் கனமான பக்கத்துக்கு வருகிறேன். கரை வெறும் காட்சியல்ல. கரைவலை இழுக்கும் இடம், வாடி போடும் இடம், கருவாடு காயும் இடம். எந்தப் பகுதியில் யார் வலை போடுவது என்பதற்கு ஊர்களுக்கிடையே பழைய ஒழுங்குகள் உண்டு. அந்த மணலுக்குக் குறுக்கே வேலி விழுந்தால் படகு இறக்கும் பாதை போகிறது. மன்னாருக்குத் தெற்கே, கற்பிட்டித் தீவுகளில் பெரும் சுற்றுலா வலயம் அறிவிக்கப்பட்டபோது அங்குள்ள மீனவர்கள் எதிர்த்துப் பேசியது இந்த இழப்பைப் பற்றித்தான்.

இதைவிடக் கூர்மையான கேள்வி, அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பது. 1990 அக்டோபரில் மன்னாரின் முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. பலர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருபது ஆண்டுக்கு மேல் அகதிகளாக இருந்தார்கள். போரின்போது தமிழ்க் குடும்பங்கள் படகேறி இராமேசுவரம் போயின. தெற்கே முள்ளிக்குளத்தில் 2007இல் இடம்பெயர்ந்த மக்களின் ஊரில் கடற்படைத் தளம் அமைந்தது; பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே ஒரு பகுதியை விடுவிக்க 2017இல் கடற்படை உடன்பட்டது. இப்படிப்பட்ட மாவட்டத்தில், ஆளில்லாத அழகான கரை என்றால் அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. எல்லாக் கடற்கரை வீடும் பறித்த நிலத்தில் நிற்கிறது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் ஊருக்குள், பரம்பரை வளவில், இரண்டு பக்கமும் அயலவர் பெயர் சொல்லி அழைக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

எதிர்வாதம் வலுவில்லாதது அல்ல. ஊர்வீட்டில் தனிமை குறைவு. விடியற்காலையில் பள்ளிவாசலின் பாங்கு, அதன்பின் கோயில் மணி, திருவிழாக் காலத்தில் நள்ளிரவுவரை ஒலிபெருக்கி. கருவாட்டு வாசம் படுக்கைவரை வரும். எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டுக்கார அம்மா அன்பாகக் கேட்பார். புதிதாய்க் கல்யாணம் செய்த சோடிக்கு அது இடைஞ்சலாக இருக்கும். கடலுக்குப் பத்து நிமிடம் நடக்கவேண்டியிருக்கும். அங்கே போனாலும் பேசாலைக் கரை முழுவதும் குளிக்க ஏற்றதல்ல; படகும் வலையும் நிற்கும் தொழிற்கரை அது. தாழ்வுபாடு, கீரிப் பக்கம் மணல் நல்லது, ஆனால் சோளகத்தில் இறங்க முடியாது. கரையோரப் பெரிய விடுதிகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கின்றன என்பதும் உண்மை. போர் முடிந்த மாவட்டத்தில் ஒரு சம்பளம் சின்ன விடயமில்லை.

இவற்றை நிறுத்துப் பார்த்தால், தனிமை குறைவு, சத்தம், வாசம் மூன்றும் சகித்துக்கொள்ளக் கூடியவை. பழகினால் மறக்கக் கூடியவையும்கூட. தண்ணீரில்லாமையும் காற்றும் கரையரிப்பும் பழகிப்போகிறவை அல்ல. வேலைவாய்ப்பு வாதம் விடுதிகளுக்குப் பொருந்தும். காவலாளி ஒருவரும் துப்புரவுக்காரர் ஒருவருமாக நடக்கும் தனிவீட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஊர்வீட்டில் கொடுக்கும் வாடகை நேரே அந்தக் குடும்பத்தின் கையில் போய்ச் சேருகிறது. பேசாலைச் சந்தையில் வாங்கும் கணவாயும் நண்டும் அந்தக் குசினியிலேயே வேகின்றன. கேட்டால் ஒடியற்கூழும் கிடைக்கும், ஒரு நாள் முன்னதாகச் சொல்லவேண்டும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைமன்னார் வீதியில் பஸ் உண்டு. இரவில் வாகனம் ஓட்டுகிறவர்கள் மாத்திரம் கவனமாக இருக்கவேண்டும்: மன்னாரின் கழுதைகள் வீதியின் நடுவில்தான் நிற்கும், அவை நூற்றாண்டுகளாக இந்த ஊர்க் குடிகள். பறவை பார்க்கிறவர்களுக்கு நகரமே சரி. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் தாம்போதிக்கு அப்பால் உடனே தொடங்குகிறது. மாரியில் பூநாரைகள் அங்கேதான் இறங்கும். பள்ளிமுனைப் பெருக்கமரமும் ஒல்லாந்தர் கோட்டையும் ஒரு மாலை நடைக்குள் அடங்கும்.

பதிவைப் பார்க்க மறக்கவேண்டாம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை விருந்தினர் இல்லம், வாடகை வீடு, வீட்டோடு தங்கல் என்று தனித்தனி வகைகளில் பதிவு செய்கிறது. பதிவுள்ள வீடு எல்லாம் நல்ல வீடு என்று பொருளல்ல. ஆனால் தரத்தை யாரோ ஒருவர் வந்து பார்த்திருக்கிறார் என்பதற்கும், முறைப்பாடு சொல்ல ஓர் இடம் உண்டு என்பதற்கும் அது உத்தரவாதம். ஊர்வீடுகள் பல இன்னும் பதியாமலே நடக்கின்றன. அவர்களைப் பதியத் தூண்டுவதும் வருகிறவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம்.

ஆகவே என் முடிவு இது. ஆடி, ஆவணியில் வருகிற குடும்பம் மன்னார் நகரத்திலோ, பேசாலை போன்ற வடகரை ஊரிலோ, வீட்டுக்காரர் அதே வளவில் வாழும் வீட்டை எடுக்கவேண்டும். குழாய்த் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் மிக நல்லது. மார்கழி, தையில் வருகிறவர்களுக்கும் அதே வகை வீடுதான், ஆனால் கடல் குளிக்கத் தென்கரைக்குப் போகவேண்டும். அதுவும் அன்று காலை மீனவரிடம் கேட்டுவிட்டு. பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டார் வீடு இரண்டாம் பட்சம். சாவி வைத்திருப்பவர் அயலில் இருந்தால் மாத்திரம் எடுக்கலாம். காற்றாடிப் பலகைக்காரர் அல்லாத எவரும் தெற்குக் கரையின் தனி வீட்டுக்கு முற்பணம் கட்டவேண்டாம். தடாகம் உள்ள வீடு என்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், வேண்டாம்.

முற்பணம் அனுப்புமுன் வீட்டுக்காரருக்கு ஒரு தொலைபேசி எடுத்து, கிணற்றுத் தண்ணீரை அவருடைய வீட்டில் குடிக்கிறார்களா என்று மாத்திரம் கேளுங்கள்.